தேங்காய்த் துருவிக்காக ஒரு கிரைண்டர்!

எங்கள் செவ்வாப்பேட்டையிலிருந்து திருவள்ளூர் கடைத்தெருவுக்கு டேபிள் டாப் கிரைண்டர் வாங்கப் போகிற எந்த அம்மாவும், மோட்டார் எத்தனை வாட்ஸ், கல் எந்த ஊர்க் கல் என்று முதலில் கேட்டு நான் பார்த்ததில்லை. "தேங்காய்த் துருவி கூட வருதா? சப்பாத்தி மாவு பிசையறது உண்டா?" - இதுதான் முதல் கேள்வி. கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினால், அடுத்த கடை! மாவாட்டுவது எல்லாக் கிரைண்டருக்கும் பொது. எந்தக் கிரைண்டர் வீட்டுக்கு வரவேண்டும் என்று தீர்ப்பு எழுதுவது துருவிதான்.

கம்ப்யூட்டரில் இன்டர்நெட் பார்க்கிற பிரவுசர் சமாசாரமும் அச்சு அசல் இப்படித்தான். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் என்று எதை எடுத்தாலும் பக்கத்தைத் திறந்து காட்டும். அதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் கிடையாது. அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற குட்டிச் சாமான் இருக்கிறது பாருங்கள்... எக்ஸ்டென்ஷன், ஆட்-ஆன், ப்ளக்-இன் என்று அதற்கு ஏகப்பட்ட பெயர். தமிழில் 'நீட்சி' என்கிறார்கள். (எங்கள் தெருவில் எக்ஸ்டென்ஷன் என்றால் கல்யாண வீட்டுக்கு சீரியல் செட் போட நீட்டுகிற ஒயர்ப் பெட்டிதான்!) பல பேருக்கு பிரவுசரைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது அந்தச் சாமான்தான்.

இதைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நான் கம்ப்யூட்டர் இன்ஜினீயர் இல்லை. செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் ரயில் ஏறினால் அடுத்தது புட்லூர், அதற்கடுத்தது திருவள்ளூர். காக்களூர் சிட்கோ எஸ்டேட்டிலும் கும்மிடிப்பூண்டி பக்கத்திலும் நாலைந்து சின்னப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். ஜி.எஸ்.டி., பி.எஃப்., டெண்டர் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டதால், லெட்ஜரைப் புரட்டிய விரல் மவுஸைப் பிடித்து வருஷம் இருபது ஆகிறது. பேனாவைக் காதில் செருகுகிற பழக்கம் மட்டும் போகவில்லை.

முதலில் 'பத்மா' கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2006-ம் வருஷ வாக்கில் திருவள்ளூரில் ஒரு பிரவுசிங் சென்டர். மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து உட்கார்ந்து தமிழ்ப் பத்திரிகைகளைத் திறந்தால், ஒரு பிரவுசரில் அழகாகத் தமிழ் வரும்; இன்னொன்றில் ஜாங்கிரி பிழிந்த மாதிரி ஏதோ வரும். காரணம் ரொம்ப எளிது. அப்போது தமிழுக்கு எல்லாருக்கும் பொதுவான எழுத்து முறை நடைமுறைக்கு முழுசாக வரவில்லை. ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று ஒரு ஃபான்ட் வைத்திருந்தது. 'அ' என்ற எழுத்தை ஒருவர் ஒரு நம்பரில் வைப்பார், அடுத்தவர் வேறு நம்பரில் வைப்பார். அந்த ஃபான்ட்டைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்புகிற 'டைனமிக் ஃபான்ட்' என்கிற ஏற்பாடு மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் 1997 வாக்கிலேயே வந்துவிட்டது. நெட்ஸ்கேப்பும் வேறு முறையில் ஒன்று வைத்திருந்தது. பிறகு நெட்ஸ்கேப் படுத்துவிட்டது. 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்தபோது அதில் இரண்டுமே கிடையாது. ஆகவே, தமிழ் படிக்க வேண்டுமா? எக்ஸ்ப்ளோரர்தான். வைரஸ் வந்தாலும் சரி, பாப்-அப் விளம்பரம் வந்து மூஞ்சியில் அறைந்தாலும் சரி, தமிழுக்காகப் பொறுத்துக்கொள்!

அந்த நேரத்தில்தான் 'பத்மா' வந்தாள். மன்னிக்கவும், வந்தது. ஃபயர்ஃபாக்ஸில் மாட்டுகிற ஒரு ஆட்-ஆன். முதலில் தெலுங்குக்காகச் செய்தது, பிறகு தமிழ், மலையாளம் என்று மற்ற மொழிகளுக்கும் கை நீட்டியது. பத்திரிகை எந்த ஃபான்ட்டில் எழுதியிருந்தாலும் பக்கம் திறக்கும்போதே அதை யூனிகோடாக மாற்றிக் காட்டிவிடும். "பத்மா இல்லாம இனிமே பேப்பரே படிக்க முடியாது போலிருக்குப்பா" என்று நண்பரிடம் நான் போனில் பேசிக்கொண்டிருந்ததை வீட்டு அம்மணி அரைகுறையாகக் கேட்டுவிட்டு, அன்று ராத்திரி ரசத்தில் உப்பே போடவில்லை. விளக்கிச் சொல்லிப் புரியவைக்க இரண்டு நாள் ஆயிற்று!

படிக்க பத்மா என்றால், எழுத 'தமிழ்விசை'. இதுவும் ஃபயர்ஃபாக்ஸ் ஆட்-ஆன்தான். பிரவுசிங் சென்டர்காரர்கள் கம்ப்யூட்டரில் புது சாஃப்ட்வேர் எதையும் ஏற்றவிடாமல் பூட்டி வைத்திருப்பார்கள். ஆனால், ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் இருந்துவிட்டால் போதும், அதற்குள் இந்தச் சின்ன ஆட்-ஆன் சத்தமில்லாமல் நுழைந்துகொள்ளும். 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாட்டை ஒட்டிப் பிறந்த தமிழ்99 கீபோர்டு முறையிலும் அடிக்கலாம், 'அம்மா'வை ஆங்கில எழுத்தில் உச்சரிப்புப்படியும் அடிக்கலாம். எனக்குத் தெரிந்த ஐந்தாறு பேர் அந்தக் காலத்தில் ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறினார்கள். வேகமா, பாதுகாப்பா, சுதந்திர மென்பொருள் கொள்கையா? அதெல்லாம் ஒன்றுமில்லை சார். தமிழ் அடிக்கணும், அவ்வளவுதான்!

அப்புறம் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாறின. 2010 ஜூனில் தமிழக அரசும் யூனிகோடை ஏற்று உத்தரவு போட்டது. பத்மாவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு இதைவிட நல்ல சாவு கிடையாது என்பேன். 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் தன் உள்கட்டமைப்பையே மாற்றி 57-ம் பதிப்பை வெளியிட்டபோது, பழைய முறையில் எழுதிய ஆட்-ஆன்கள் அத்தனையும் ஒரே நாளில் செல்லாக்காசு ஆயின. பத்மாவைக் காணோம் என்று அழ அப்போது யாரும் இல்லை. ஆனால், வேறு ஆட்-ஆன்களை நம்பி ஃபயர்ஃபாக்ஸில் குடியிருந்த பல பேர், "அது இல்லேன்னா இது எதுக்கு?" என்று குரோம் பக்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். துருவி இல்லாத கிரைண்டர்!

* * *

இனி வயிற்றுப்பாட்டு விஷயம்.

ஆன்லைன் டெண்டர் போடுகிறவர்களுக்கு டி.எஸ்.சி. தெரியும். டிஜிட்டல் கையெழுத்து. பார்க்க பென் டிரைவ் மாதிரியே இருக்கும், டோக்கன் என்பார்கள். அதைக் கம்ப்யூட்டரில் செருகி, பாஸ்வேர்டு அடித்தால் முதலாளி பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்டதற்குச் சமம். 2000-ம் வருஷத்து தகவல் தொழில்நுட்பச் சட்டம் கொடுத்த அந்தஸ்து. பாஸ்வேர்டைப் பல தடவை தப்பாக அடித்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். (எங்கள் முதலாளிமார் பாஸ்வேர்டை டோக்கனிலேயே ஸ்டிக்கர் ஒட்டி எழுதி வைக்கிற ஜாதி. அது வேறு கதை.)

சங்கடம் என்னவென்றால், பிரவுசரால் அந்த டோக்கனை நேரடியாகத் தொட முடியாது. நடுவில் ஒரு தரகர் வேண்டும். பல வருஷம் அந்தத் தரகர் வேலை பார்த்தது ஜாவா ப்ளக்-இன், அல்லது எக்ஸ்ப்ளோரரில் மட்டும் ஓடும் ஆக்டிவ்-எக்ஸ். ஜாவா ப்ளக்-இன் உட்கார்ந்திருந்த நாற்காலி, நெட்ஸ்கேப் 1995-ல் போட்ட பழைய நாற்காலி. கால் ஆடிப்போயிருந்தது. அதன் வழியாகத் திருடர்கள் சுலபமாக உள்ளே வந்தார்கள். ஆகவே 2015 செப்டம்பரில் குரோம் அந்த நாற்காலியை எடுத்து வெளியே வீசியது. 2017 மார்ச்சில் 52-ம் பதிப்போடு ஃபயர்ஃபாக்ஸும் வீசியது, ஃப்ளாஷுக்கு மட்டும் கொஞ்ச நாள் விதிவிலக்கு. செய்தது நியாயம்தான். ஆனால், டெண்டர் சைட்டுகள் அந்த வேகத்துக்கு மாறவில்லையே!

காக்களூரில் எனக்கு வாடிக்கையான ஒரு பிரஸ் ஷாப். பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். தகட்டைத் தட்டி கிளாம்ப், பிராக்கெட் செய்து கொடுப்பது தொழில். அந்த மாதம் ஆர்டர் எதுவும் கையில் இல்லை. ஒரு டெண்டர் வந்தது. கிடைத்தால் பதினோரு பேருக்கும் இரண்டு மாதச் சம்பளம் நிச்சயம். மத்தியானம் 3 மணிக்கு மூடுகிறார்கள். சர்வர் கடிகாரம்தான் கணக்கு. 3 மணி 1 நிமிஷம் என்றால் கடவுளே வந்து கையெழுத்துப் போட்டாலும் ஏறாது.

காலையில் டோக்கனைச் செருகி சைட்டைத் திறந்தால், கையெழுத்துப் போடும் பெட்டி வரவே இல்லை. வெறும் சாம்பல் கட்டம். ராத்திரி நாங்கள் தூங்கும்போது பிரவுசர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, தரகரை வேலையை விட்டு அனுப்பிவிட்டது!

"இன்னா சார் இது, நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" - முதலாளி.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு முதலாளி."

"கரண்ட் ஆஃப் பண்ணி ஆன் பண்ணு சார்."

பண்ணினோம். சாம்பல் கட்டம் அப்படியே இருந்தது. மணி பதினொன்றரை. டோக்கனையும் முதலாளியையும் டூ வீலரில் ஏற்றிக்கொண்டு பிரவுசிங் சென்டர் பிரவுசிங் சென்டராக அலைந்தோம். "புது கம்ப்யூட்டர் சார், சூப்பரா ஓடும்" என்று எல்லாரும் பெருமையாகக் காட்டினார்கள். எனக்கு வேண்டியது பழசு! கடைசியில் ஸ்டேஷன் அருகே ஒரு தம்பி, மூலையில் கோணி போட்டு மூடி வைத்திருந்த ஒரு டப்பாவைக் காட்டினார். "இதுல எக்ஸ்ப்ளோரர் இருக்குண்ணே. ரெண்டு வருஷமா அப்டேட்டே போடலை. எடைக்குப் போடலாம்னு வெச்சிருந்தேன்" என்றார். அவர் காலைத் தொட்டுக் கும்பிடாத குறை. டோக்கனுக்கான டிரைவர் ஏற்றி, ஜாவாவைத் தட்டி எழுப்பி, கையெழுத்து விழும்போது மணி 2.40.

டெண்டர் கிடைத்ததா என்கிறீர்களா? கிடைக்கவில்லை. பீஸுக்கு இரண்டு ரூபாய் குறைத்துப் போட்ட புண்ணியவான் ஒருவர் தட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனாலும், நாங்கள் தோற்றது ரேட்டில். சாம்பல் கட்டத்தில் இல்லை! ரேட்டில் தோற்றால் முதலாளி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். மற்றது மனசிலேயே கிடந்து அறுக்கும்.

அன்றைக்கே முதலாளி அந்த டப்பாவை விலைக்கு வாங்கிவிட்டார். இந்தப் பகுதிப் பட்டறை ஆபீஸ்களில் இப்படி ஒரு கிழட்டு கம்ப்யூட்டர், 'அப்டேட் போடாதே' என்று அட்டை தொங்க, மூலையில் உட்கார்ந்திருந்ததை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். பழைய பிரவுசரை நெட்டில் விடுவது, பூட்டில்லாத கல்லாவைத் தெருவில் வைக்கிற மாதிரி. ஆபத்துதான். ஆனால், டோக்கன் அங்கேதானே பேசுகிறது?

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கொஞ்சம் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார்கள். தரகரை பிரவுசருக்குள் உட்கார வைக்காமல், 'எம்சைனர்' என்று தனி புரோகிராமாகக் கம்ப்யூட்டரிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். பிரவுசர் எதுவானாலும் அதைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். அதற்கும் தனித் தலைவலிகள் உண்டு என்றாலும், எந்த பிரவுசர் வைத்துக்கொள்வது என்கிற உரிமை நம் கைக்குத் திரும்பி வந்தது. எக்ஸ்ப்ளோரரை 2022 ஜூன் 15-ல் மைக்ரோசாஃப்டே விண்டோஸ் 10-ல் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. பழைய சைட்டுகளுக்காக எட்ஜ் பிரவுசருக்குள் 'ஐ.ஈ. மோட்' என்று அதன் ஆவியை மட்டும் 2029 வரைக்குமாவது உலவ விடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நாம்தான் இப்படி என்று நொந்துகொள்ள வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் ஃபாக்டரி வைத்திருக்கிறார்களே கொரியாக்காரர்கள், அவர்கள் தேசம் நம்மைவிட மோசம். 1990-களின் கடைசியில் பாங்க் பாதுகாப்புக்கென்று சொந்தமாக ஒரு ரகசியக் குறியீட்டு முறை செய்து, அதை ஆக்டிவ்-எக்ஸில் கட்டினார்கள். விளைவு? பணம் அனுப்பவோ, துணி வாங்கவோ எக்ஸ்ப்ளோரர் தவிர வேறு நாதி இல்லை. 2014-ல் ஒரு டி.வி. சீரியலில் கதாநாயகி போட்டிருந்த கோட்டை வாங்க சீன ரசிகைகள் துடித்தார்களாம். ஆக்டிவ்-எக்ஸும் கொரிய டிஜிட்டல் சான்றிதழும் குறுக்கே நின்று வாங்க முடியவில்லை. கோட்டு விஷயம் ஜனாதிபதி வரைக்கும் போய், அவரே மீட்டிங்கில் பேசினார்! அந்தச் சான்றிதழின் தனி அந்தஸ்தைச் சட்டப்படி நீக்க 2020 டிசம்பர் ஆயிற்று.

நம் மத்திய அரசு 2023 ஆகஸ்டில் இந்தியாவுக்கென்று ஒரு பிரவுசர் செய்யச் சொல்லிப் போட்டி வைத்தபோது, கேட்ட வசதிகளில் டோக்கனைக் கொண்டு பிரவுசரிலேயே டிஜிட்டல் கையெழுத்துப் போடுவதும் ஒன்று. அதைப் படித்ததும் எங்கள் முதலாளி ஞாபகம்தான் வந்தது. 2025 மார்ச்சில் முதல் பரிசு 1 கோடி ரூபாயைத் தட்டியது நம்ம சோஹோ. 'உலா' என்று தமிழிலேயே பெயர் வைத்து 2023-ல் வெளிவிட்ட பிரவுசர். குரோமுக்கு அடித்தளமாக இருக்கிற அதே குரோமியத்தின் மேல் கட்டியதால், குரோமுக்கு எழுதிய எக்ஸ்டென்ஷன்கள் இதிலும் ஓடும். கெட்டிக்காரத்தனம்! தேங்காய்த் துருவிக்குத் தனியாக அலைய வேண்டாம் பாருங்கள்.

* * *

இப்போது ஊரெல்லாம் பேச்சு வேறு ஒரு துருவி பற்றி. விளம்பரத் தடுப்பான்.

'யூப்ளாக் ஆரிஜின்' என்று ஒன்று. ரேமண்ட் ஹில் என்ற கனடாக்காரர் செய்தது. காசும் வாங்க மாட்டார், நன்கொடையும் வாங்க மாட்டார். கோடிக்கணக்கான பேர் குரோமில் மாட்டி வைத்திருந்தார்கள். 2024 கடைசியிலிருந்து குரோம் அதைப் படிப்படியாக அணைக்க ஆரம்பித்து, 2025-ல் முழுசாக வெளியே அனுப்பிவிட்டது. 'மேனிஃபெஸ்ட் வி3' என்ற புது விதிமுறைப்படி அது செல்லாதாம்.

விதியைப் புரியும்படி சொல்கிறேன். முன்னே, எக்ஸ்டென்ஷன் என்பது கேட்டில் நிற்கும் வாட்ச்மேன். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும், "யாரு நீ, எங்கே வந்தே?" என்று நிறுத்திக் கேட்பார். புது விதிப்படி வாட்ச்மேன் கேட்டில் நிற்கக்கூடாது. யார் யாரை விடக்கூடாது என்று ஒரு லிஸ்ட் எழுதி வீட்டு ஓனரிடம் கொடுத்துவிட வேண்டும். ஓனர் பார்த்துக்கொள்வார். ஓனர் கூகுள். கூகுளின் பிரதான வருமானம் விளம்பரம். மேலே நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை!

ஃபயர்ஃபாக்ஸ், "எங்க வீட்ல வாட்ச்மேன் கேட்டிலேயே நிக்கலாம்" என்று சொல்லிவிட்டது. என் ஆபீஸ் மேஜைக்கு அது திரும்பி வந்தது இதனால்தான். புது விதிக்கு ஏற்றாற்போல 'யூப்ளாக் ஆரிஜின் லைட்' என்று ஒன்று குரோமுக்கும் உண்டு. சாதாரண உபயோகத்துக்குப் பரவாயில்லை. ஒரிஜினல் அளவு காரம் இல்லை.

இவ்வளவும் கம்ப்யூட்டர் மேஜையில் உட்கார்ந்து பேசுகிற பேச்சு. நம் ஜனங்களில் பெரும்பாலோருக்கு பிரவுசர் என்றால் போனோடு வந்த குரோம். வழக்கமான ஆண்ட்ராய்டு போன் குரோமில் எக்ஸ்டென்ஷனே போட முடியாது. துருவி மாட்டவே இடமில்லாத கிரைண்டர். ஃபயர்ஃபாக்ஸ் 2023 டிசம்பரில் போனிலும் நூற்றுக்கணக்கான எக்ஸ்டென்ஷன்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. போனில் பேப்பர் படிக்கும்போது பாதிச் செய்திக்கு மேல் மூட்டுவலித் தைலம் வந்து உட்காருகிற அவஸ்தையால், ஓய்வுபெற்ற எங்கள் எதிர் வீட்டு ஆசிரியர் அதற்கு மாறிவிட்டார்.

ஆனால் ஒன்று. கூகுள் சொல்கிற பாதுகாப்புக் காரணம் வெறும் சாக்கு என்று நான் தள்ளிவிட மாட்டேன். எல்லாரையும் நிறுத்திப் பார்க்கிற வாட்ச்மேனே திருடனானால்? 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்று ஒன்று இருந்தது. சும்மா திறந்து கிடக்கும் டேப்களைத் தூங்க வைத்து மெமரியை மிச்சம் பிடிக்கும். நல்ல பிள்ளை, 20 லட்சம் பேர் மாட்டியிருந்தார்கள். எழுதியவர் 2020-ல் அதை யாருக்கோ விற்றார். வாங்கியவர் யாரென்றே தெரியவில்லை. 2021 பிப்ரவரியில், உள்ளே விஷமம் இருக்கிறது என்று கூகுள் அதைப் பிடுங்கிப் போட்டது. நேற்று வரை நல்லவராக இருந்த வாட்ச்மேன், ஆள் மாறியும் அதே யூனிஃபார்மில் நிற்கிறார்! 2024 கிறிஸ்துமஸ் சமயத்தில் சைபர்ஹேவன் என்ற கம்பெனிக்கு நேர்ந்தது இன்னும் கூத்து. தகவல் திருட்டைத் தடுப்பதே அவர்கள் தொழில். அவர்களுடைய ஊழியர் ஒருவரை ஒரு போலி ஈ-மெயிலால் ஏமாற்றி, அவர்கள் எக்ஸ்டென்ஷனுக்குள்ளேயே திருட்டுச் சரக்கைச் செருகி அனுப்பிவிட்டார்கள்.

இதையெல்லாம் படித்த சூட்டோடு, போன மாதம் பிரஸ் ஷாப் முதலாளி வீட்டு லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். பாங்க் வேலை, ஜி.எஸ்.டி. எல்லாம் அதில்தான். ப்ளஸ் டூ படிக்கிற பெண்ணும் அதில்தான் பாடம் படிக்கிறாள். எக்ஸ்டென்ஷன் லிஸ்ட்டைத் திறந்தால் பதினான்கு! கூப்பன் தேடுவது, படம் இறக்குவது, பி.டி.எஃப். மாற்றுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எடுத்தேன். "இது யாரு போட்டது?" என்றால் அப்பா பெண்ணைப் பார்க்கிறார், பெண் அப்பாவைப் பார்க்கிறாள். கடைசியில் மிஞ்சியது, மவுஸ் அம்புக்குறிக்குப் பதிலாக ஒரு பூனைக்குட்டி ஓடுகிற எக்ஸ்டென்ஷன்.

"அங்கிள், பூனை மட்டும் இருக்கட்டும் அங்கிள். ப்ளீஸ்!"

எனக்கும் மனசு இளகத்தான் செய்தது. எதற்கும் பார்ப்போம் என்று அதன் விவரத்தை அமுக்கினேன். 'நீங்கள் பார்க்கும் எல்லா வெப்சைட்டுகளிலும் உள்ள உங்கள் தகவல்களைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. சத்தமாக மொழிபெயர்த்துச் சொன்னேன்.

முதலாளி கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூனைக்கு எதுக்கு சார் என் பாங்க் பாஸ்புக்?"